வண்டலூர் பூங்காவுக்குக் கிளம்பும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாம்பரம் தாண்டிக் குடியிருப்பவர்களுக்கு ஒரு பொறுப்பு தானாக வந்து சேரும். சொந்தபந்தம் யார் சென்னைக்கு வந்தாலும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளை வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்கு அழைத்துப் போக வேண்டும். பல வருடங்களாக அதை ஆசையோடு செய்துவருகிறேன். போனில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்தக் கிழமை போகலாம்? எத்தனை மணிக்கு?

செவ்வாய்க்கிழமை விடுமுறை. இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். வெளியூரிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து, பிள்ளைகளுக்குப் புதுத் தொப்பி வாங்கி மாட்டி, செவ்வாய்க்கிழமை காலையில் பூட்டிய கதவின் முன் நிற்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். பண்டிகை விடுமுறை செவ்வாயில் வந்தால் சில சமயம் திறந்து வைப்பார்கள். அதற்கு முன்கூட்டியே அறிவிப்பு வரும்.

காலை 9 மணிக்குத் திறக்கிறார்கள். முடிந்தால் அந்த நேரத்திலேயே வாசலில் இருங்கள். இரவுக் கூடத்திலிருந்து புலியும் சிங்கமும் வெளியே வரும் நேரம் அது. வந்ததும் படுத்துவிடாது. தன் இடத்தை ஒரு சுற்று சுற்றி, மரத்தை முகர்ந்து, பின்பக்கமாகத் திரும்பி வாலைத் தூக்கி மரத்தில் பீய்ச்சி அடையாளம் வைக்கும். அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருக்கலாம். 11 மணிக்கு மேல் போனால் நிழலில் கிடக்கும் ஒரு முதுகைத்தான் பார்ப்பீர்கள். அப்புறம் மறுபடி நடமாட்டம் தொடங்குவது மாலை நாலு மணிவாக்கில், கூடத்துக்குத் திரும்பிச் சாப்பிடும் வேளை நெருங்கும்போது.

மாதம் என்றால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைய வேண்டியிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் மழை விட்ட மறுநாள் காலையில் அந்தக் காடு இருக்கும் அழகு வேறு எப்போதும் வராது. புயல் எச்சரிக்கை இருந்தால் மட்டும் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். அந்த நாட்களில் பூங்காவை மூடிவிடுவார்கள்.

எப்படி வருவது?

மின்சார ரயில்தான் எளிது. கடற்கரையிலிருந்து வரும் வண்டிகளில் பல தாம்பரத்தோடு நின்றுவிடும். செங்கல்பட்டு வரை போகும் வண்டியில் ஏறினால் தாம்பரம், பெருங்களத்தூர், அடுத்து வண்டலூர். நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம். குறுக்கே ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்க வேண்டும், அது ஓயாமல் வண்டி ஓடும் சாலை. சின்னப் பிள்ளைகளின் கையை அங்கே விடாதீர்கள்.

தென்மாவட்டங்களிலிருந்து அரசுப் பேருந்தில் வருபவர்களுக்கு இப்போது இன்னும் வசதி. 2023 டிசம்பர் 30 அன்று திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையம் பூங்காவுக்கு மிக அருகில்தான் இருக்கிறது. ஒரு விஷயம் மட்டும் கவனம். கிளாம்பாக்கம் வேறு, கேளம்பாக்கம் வேறு. கேளம்பாக்கம் பழைய மாமல்லபுரம் சாலையில் இருக்கிறது. ஆட்டோவிலோ கைப்பேசி வரைபடத்திலோ பெயரை மாற்றிச் சொல்லிவிட்டுச் சுற்றி அலைந்தவர்கள் எங்கள் குடும்பத்திலேயே உண்டு.

எவ்வளவு நேரம் ஆகும்? நடந்தே பார்த்துவிடலாமா?

ஒரு முழுநாளை ஒதுக்குங்கள். மொத்தப் பரப்பு ஏறத்தாழ 600 ஹெக்டேர், அதாவது சுமார் 1,500 ஏக்கர். பார்வையாளர் போகும் பகுதி அதில் ஒரு பங்குதான் என்றாலும் கால் வலிக்கும் அளவுக்கு இருக்கிறது. வாடகைக்குச் சைக்கிள் கிடைக்கும். பெரியவர்களுக்கும் முட்டி வலி உள்ளவர்களுக்கும் பேட்டரி வண்டி இருக்கிறது. என் மாமியாரை அழைத்துப் போனபோது பேட்டரி வண்டியில் முழுச் சுற்று போய்விட்டு, பிடித்த இரண்டு இடங்களுக்கு மட்டும் திரும்பி மெதுவாக நடந்தோம். அந்த முறை எல்லாருக்கும் ஒத்துவரும்.

எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க வேண்டும் என்று ஓடாதீர்கள். ஏறத்தாழ 170 வகை உயிரினங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கூண்டுக்கும் ஒரு நிமிடம் என்று ஓடினால் எந்த விலங்கும் மனசில் நிற்காது. பத்து இடம் போதும், ஒவ்வொன்றிலும் பதினைந்து நிமிடம் நில்லுங்கள்.

சிங்க சஃபாரியில் சிங்கத்தைக் கட்டாயம் பார்த்துவிடலாமா?

பெரும்பாலும் பார்த்துவிடலாம். கட்டாயம் என்று யாரும் சொல்ல முடியாது. சஃபாரிக்கு நுழைவுச் சீட்டு போகத் தனிச் சீட்டு. கம்பி வலை போட்ட வண்டியில் ஏற்றி, இரட்டைக் கதவு வழியாக உள்ளே அழைத்துப் போவார்கள். முதல் கதவு மூடிய பிறகுதான் அடுத்தது திறக்கும். அந்தச் சில நொடிகளில் வண்டிக்குள் இருக்கும் எல்லாரும் தானாக அமைதியாகிவிடுவதை ஒவ்வொரு முறையும் கவனிக்கிறேன்.

உள்ளே இருப்பது முட்செடிகளும் குட்டை மரங்களும் அடர்ந்த காடு. சிங்கத்தின் நிறமும் காய்ந்த புல்லின் நிறமும் ஒன்றுதான். ஒரு நாளில் ஏறத்தாழ இருபது மணி நேரம் ஓய்விலேயே கழிக்கும் விலங்கு அது. ஆகவே நடக்கும் சிங்கத்தைத் தேடாதீர்கள். புதர் நிழலில் தரையோடு தரையாக ஏதாவது அசைகிறதா என்று பாருங்கள். முதலில் தெரிவது பெரும்பாலும் காதுதான், ஈயை விரட்ட ஒரு முறை துடிக்கும். அதைப் பிடித்துவிட்டால் மிச்ச உருவம் கண்ணுக்குத் தானாகத் தெளிந்துவிடும்.

வண்டியில் இருப்பவர்கள் கத்துவது, கம்பியைத் தட்டுவது, சிங்கம் போலக் கர்ஜித்துக் காட்டுவது எல்லாம் வேண்டாம். தூங்கும் சிங்கம் அதற்கு எழுந்து வராது. எழுந்தாலும் உள்ளே தள்ளிப் போய்ப் படுத்துக்கொள்ளும். பின்னால் வரும் வண்டியில் இருக்கும் பிள்ளைகளுக்கு எதுவும் கிடைக்காமல் போகும்.

ஒரு சிங்கம் காணாமல் போய்விட்டது என்று செய்தி வந்ததே?

2025 அக்டோபர் தொடக்கத்தில் நடந்தது. பெங்களூரு பன்னேருகட்டா பூங்காவிலிருந்து வந்த ஷேர்யார் என்ற இளம் ஆண் சிங்கத்தைச் சஃபாரிப் பகுதிக்குள் புதிதாக விட்டார்கள். மாலையில் மற்ற சிங்கங்கள் கூடத்துக்குத் திரும்பின, இது திரும்பவில்லை. வெப்பத்தைக் காட்டும் கேமரா பொருத்திய டிரோனை எல்லாம் வைத்துத் தேடினார்கள். ஓரிரு நாள் கழித்து அது தானாகவே திரும்பி வந்து சேர்ந்தது.

அந்த நாட்களில் ஊருக்குள் சிங்கம் வந்துவிட்டது என்று எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஏகப்பட்ட செய்திகள். உண்மையில் சிங்கம் வேலியைத் தாண்டவே இல்லை. சஃபாரிப் பகுதியே பல ஏக்கர் காடு. சிங்கங்களை மாலையில் யாரும் துரத்திப் பிடித்து அடைப்பதில்லை. காப்பாளர் கூப்பிடும் குரலும் கூடத்தில் காத்திருக்கும் இறைச்சியும்தான் அவற்றை வரவழைக்கின்றன. பழகிய சிங்கத்துக்கு அந்த வழி தெரியும். புதிதாக வந்ததுக்கு முதன்முறையாக இவ்வளவு இடம் கிடைத்திருக்கிறது, வழியும் புதுசு. நாலைந்து நாள் சாப்பிடாமல் இருப்பது சிங்கத்துக்குப் பெரிய விஷயமில்லை. பசி முற்றியதும் வந்துவிட்டது.

கொரோனா காலத்தில் இங்கே சிங்கங்கள் இறந்தது உண்மையா?

உண்மை. 2021 மே மாதக் கடைசியில் சஃபாரிப் பகுதியில் இருந்த ஐந்து சிங்கங்கள் சரியாகச் சாப்பிடவில்லை, இருமலும் இருந்தது. 11 சிங்கங்களிடமிருந்து மாதிரி எடுத்துப் போபாலில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பியதில் 9 சிங்கங்களுக்குத் தொற்று என்று வந்தது. ஜூன் 3 அன்று நீலா என்ற ஒன்பது வயதுப் பெண் சிங்கம் இறந்தது. ஜூன் 16 அன்று பத்மநாதன் என்ற பன்னிரண்டு வயது ஆண் சிங்கமும் போனது. மரபணுவைப் படித்துப் பார்த்தபோது, அந்த நேரத்தில் மனிதர்களை வாட்டிய அதே டெல்டா வகை வைரஸ்தான் என்று தெரிந்தது.

அந்த ஜூன் மாதம் எங்கள் தெருவிலும் இரண்டு வீடுகளில் சாவு. ஆக்சிஜன் சிலிண்டருக்கு அலைந்துகொண்டிருந்த நேரத்தில் நீலாவின் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்து என் மகள் அழுதாள். "அதுக்கு யாரும்மா மாஸ்க் போட்டுவிடுவா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொல்ல எனக்குப் பதில் இல்லை.

காப்பாளரோ பார்வையாளரோ, சளி, காய்ச்சல் இருக்கும்போது பூனை இனத்துக்கும் குரங்கு இனத்துக்கும் அருகே போகக் கூடாது. பிள்ளைக்கு லேசாக மூக்கு ஒழுகினாலும் பயணத்தை அடுத்த வாரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சிம்பன்சி, சோலைமந்தி போன்றவற்றுக்கு நம் சளி எளிதில் ஒட்டும்.

ஆசியச் சிங்கத்துக்கும் ஆப்பிரிக்கச் சிங்கத்துக்கும் என்ன வித்தியாசம்?

இன்று ஆசியச் சிங்கம் காட்டில் வாழ்வது உலகத்திலேயே ஒரே ஒரு பகுதியில், குஜராத்தின் கிர் காட்டிலும் அதைச் சுற்றிய மாவட்டங்களிலும்தான். 2020இல் 674 என்றிருந்த எண்ணிக்கை 2025 கணக்கெடுப்பில் 891 ஆகியிருக்கிறது.

அடையாளம் சுலபம். வயிற்றின் அடியில் நீளவாக்கில் ஒரு தோல் மடிப்பு தொங்கும், நடக்கும்போது லேசாக ஆடும். ஆப்பிரிக்கச் சிங்கத்துக்கு அது அபூர்வம். ஆணின் பிடரி மயிரும் ஆசியச் சிங்கத்தில் அடர்த்தி குறைவு, அதனால் காது மறையாமல் வெளியே தெரியும். சஃபாரி வண்டியில் பிள்ளைகளிடம் இந்த இரண்டையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வெறுமனே சிங்கம், சிங்கம் என்று கத்துவதற்குப் பதில் வயிற்று மடிப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

வெள்ளைப் புலி தனி இனமா?

இல்லை. நம் வங்கப் புலிதான், தோல் நிறத்துக்கான ஒரு மரபணுவில் சிறு மாற்றம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மாற்றம் வந்து சேர்ந்தால்தான் குட்டி வெள்ளையாகப் பிறக்கும். இன்று உயிரியல் பூங்காக்களில் உள்ள வெள்ளைப் புலிகளில் மிகப் பெரும்பாலானவற்றின் வேர் ஒரே புலியில் போய் முடிகிறது. 1951இல் ரேவா மகாராஜா பிடித்து வளர்த்த மோகன் என்ற குட்டி. வெள்ளை நிறம் வேண்டும் என்பதற்காக அதை அதன் மகளோடே இணை சேர்த்தார்கள். நெருங்கிய இரத்த உறவிலேயே இனப்பெருக்கம் செய்ததால் அந்த வம்சத்தில் மாறுகண், எலும்புக் கோளாறு போன்ற குறைகள் வந்தன.

வண்டலூரில் கூட்டம் அதிகம் நிற்பது வெள்ளைப் புலி முன்தான். அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நம் முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் திரிவது மஞ்சள் புலி. பக்கத்து அடைப்பில் அது நடந்துகொண்டிருக்கும்போது, "இது சாதாரணப் புலி, வா" என்று பிள்ளையை இழுத்துக்கொண்டு போகாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

மான் சஃபாரிக்குத் தனியாகக் காசு கொடுப்பது வீணா?

சிங்கத்துக்கு நேரம் கிடைக்காதவர்கள் மானுக்குப் போங்கள் என்பேன். பார்க்கத் தெரிந்தால் அதில் விஷயம் அதிகம். ஒன்றை மட்டும் சொல்கிறேன்: கொம்பு. புள்ளிமான், கடமான் ஆகியவற்றின் கொம்பு கிளை கிளையாக இருக்கும், குறிப்பிட்ட காலத்தில் விழுந்து மறுபடி முளைக்கும். முளைக்கும் பருவத்தில் கொம்பின் மேல் வெல்வெட் துணி போர்த்தியது போல மெல்லிய தோலும் ரோமமும் இருக்கும், உள்ளே இரத்தம் ஓடும். வளர்ந்து முடிந்ததும் மரத்தில் உரசி உரசி அந்தத் தோலைக் கிழித்துப் போட்டுவிடும். வெளிமானின் கொம்பு அப்படியில்லை. திருகித் திருகி வளரும், கிளை இல்லை, ஆயுசுக்கும் விழாது. வெளிமான் உண்மையில் மான் குடும்பமே இல்லை, ஆடு, மாடு வகையறாவோடு சேர்ந்தது.

வெள்ளம் வந்தால் பூங்கா முதலைகள் ஊருக்குள் வந்துவிடும் என்கிறார்களே?

ஒவ்வொரு பெருமழைக்கும் இந்த வதந்தி வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெருங்களத்தூர், நெடுங்குன்றம் பக்கம் இரவில் ஒரு முதலை சாலையைக் கடக்கும் காணொலி பரவியது. காணொலி உண்மை. ஆனால் பூங்காவிலிருந்து தப்பியது என்று சேர்த்துச் சொன்னதுதான் பொய். இந்தப் பக்கத்து நீர்நிலைகள் சிலவற்றில் சதுப்புநில முதலைகள் காலங்காலமாக வாழ்கின்றன. ஏரி நிரம்பி வழியும்போது மேட்டைத் தேடி நகரும். ஆள் அரவம் கேட்டால் ஒதுங்கும் கூச்ச சுபாவம் உள்ள உயிர். பார்த்தால் விலகி நின்று வனத்துறைக்குச் சொல்லுங்கள், கல் எறியாதீர்கள்.

பூங்காவில் முதலை வாயைத் திறந்தபடி மணிக்கணக்கில் கிடப்பதைப் பார்த்து, செத்ததா, பொம்மையா என்று சந்தேகம் வரும். உடம்புச் சூட்டைத் தணிக்கத்தான் வாயைத் திறந்து வைக்கிறது. சந்தேகம் தீர நாணயம் எறிந்து பார்ப்பது பெரும் பாவம். முதலை அதை விழுங்கினால் குடல் புண்ணாகும்.

எல்லாரும் தவறவிடும் விலங்கு எது?

என் பதில் எப்போதும் ஒன்றுதான்: சோலைமந்தி. சிங்கவால் குரங்கு என்று பலகையில் எழுதியிருக்கும். கரிய உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிச் சாம்பல் நிறத்தில் பிடரி, வால் நுனியில் சிங்கத்துக்கு இருப்பது போல ஒரு குஞ்சம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. நம் பக்கம் வால்பாறையிலும் களக்காடு மலையிலும் உண்டு. வெடிப்பலா மரங்கள் நிற்கும் மழைக்காட்டின் உச்சிக் கிளைகளிலேயே வாழ்ந்து பழகிய குரங்கு. காட்டைத் துண்டு துண்டாக வெட்டித் தேயிலை போட்டபோது கிளைக்குக் கிளை தாவும் வழி அறுந்தது. காட்டில் எஞ்சியிருப்பவை சில ஆயிரம்தான். வண்டலூர் இந்தக் குரங்கின் இனப்பெருக்கத்தில் நல்ல பெயர் எடுத்த இடம். தாயின் வயிற்றை இறுகப் பற்றிக்கொண்டு, தாய் தாவும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்ளும் குட்டி ஒன்றை அங்கே பார்த்தேன். அந்தக் காட்சிக்காகவே திரும்பத் திரும்பப் போகிறேன்.

அடுத்தது காட்டுமாடு. அதைக் காட்டெருமை என்று சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் அது எருமை இல்லை, மாட்டினம். நாலு காலிலும் வெள்ளைக் காலுறை போட்டது போல இருக்கும்.

நீர்யானையை மதியத்தில்கூடப் பார்க்கலாம், தண்ணீருக்குள்தான் கிடக்கும். வெளியே வரும்போது தோலில் செந்நிறத்தில் ஒரு திரவம் கசிவது தெரிந்தால் காயம் என்று பயப்பட வேண்டாம். வெயிலிலிருந்தும் கிருமியிலிருந்தும் தோலைக் காக்க அதுவே சுரந்துகொள்வது.

விலங்குகளுக்கு ஏதாவது சாப்பிடக் கொடுக்கலாமா? ஒரு பிஸ்கெட்தானே?

கூடாது. ஒரு பிஸ்கெட்கூடக் கூடாது. ஒருநாளில் ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள், ஆளுக்கு ஒரு பிஸ்கெட் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அடைப்புக்குள் இருப்பவற்றுக்கு என்ன, எவ்வளவு என்று மருத்துவர் வகுத்த அளவு இருக்கிறது. இறைச்சி தின்னும் விலங்குகளுக்கு வாரத்தில் ஒருநாள் பட்டினி போடுவதும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான், வயிற்றுக்கு நல்லது.

வெளியே சுற்றும் நாட்டுக் குரங்குக்குக் கொடுத்தால் அடுத்து வரும் குழந்தையின் கையிலிருந்து அது பிடுங்கும். பிடுங்கும் குரங்கு கடிக்கும்.

சிப்ஸ் உறையைக் கீழே போடுவது இதைவிட மோசம். உப்பு ஒட்டியிருப்பதால் மான் அதை நக்கி அப்படியே விழுங்கிவிடும். கிண்டியிலும் ஐஐடி வளாகத்திலும் இறந்த புள்ளிமான்களின் வயிற்றை அறுத்துப் பார்த்தபோது உருண்டையாகப் பிளாஸ்டிக் கிடந்தது. வயிறு நிறைந்திருக்கும், ஆனால் சத்து ஏறாது, பட்டினியில் சாகும். அதனால்தான் வாசலில் பையைச் சோதிக்கிறார்கள். அந்தச் சோதனையில் நின்று எரிச்சல்படுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். தயிர்சாதம், புளிசாதத்தை எவர்சில்வர் டப்பாவிலும், தண்ணீரைத் திரும்ப நிரப்பும் பாட்டிலிலும் எடுத்து வந்தால் ஒரு தொந்தரவும் இல்லை. சாப்பிடும்போது குரங்கு இல்லாத இடமாகப் பார்த்து உட்காருங்கள்.

காணும் பொங்கலுக்குப் போகலாமா?

கூட்டம் உங்களுக்குச் சந்தோஷம் என்றால் போங்கள். அன்று வண்டலூர் ஒரு திருவிழா. கரும்பும் கட்டுசோறுமாகக் கிராமமே கிளம்பி வந்தது போல இருக்கும். குழந்தைகள் தொலைந்துவிடாமல் இருக்க மணிக்கட்டில் பெற்றோரின் கைப்பேசி எண் எழுதிய பட்டையைக் கட்டிவிடுகிறார்கள், மறக்காமல் கட்டிக்கொள்ளுங்கள். விலங்கைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் அந்த வாரத்தை விட்டுவிட்டு அடுத்த புதனோ வியாழனோ வாருங்கள்.

கத்திரி வெயிலில் விலங்குகள் என்ன செய்யும்?

தவிக்கும், நம்மைப் போலவே. அதற்காக யானைக்கு ஷவர், பறவைகளுக்குத் தண்ணீர்த் தெளிப்பான், கரடிக்குப் பனிக்கட்டிக்குள் உறைய வைத்த பழம், தர்பூசணி என்று ஏற்பாடு செய்கிறார்கள். கரடி அந்தப் பனிக்கட்டியை இரண்டு முன்னங்கால்களாலும் கட்டிப் பிடித்து, மல்லாந்து படுத்து, நெஞ்சின் மேல் வைத்து நக்கும். மே மாதத்தில்தான் வர முடியும் என்றால் காலையில் வந்து பதினொன்றரைக்குள் கிளம்பிவிடுங்கள். இல்லாவிட்டால் நடுப்பகலை இரவு விலங்குகள் கூடத்திலும் பாம்புகள் பகுதியிலும் கழியுங்கள்.

தாத்தா 'உயிர் காலேஜ்' என்று சொல்வது இந்த இடத்தைத்தானா?

இதன் மூதாதையை. 1855இல் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் விலங்குகளை வைத்துத் தொடங்கியதுதான் சென்னையின் முதல் உயிரியல் பூங்கா. ஆற்காடு நவாப் தன்னிடம் இருந்த விலங்குகளையெல்லாம் அதற்குக் கொடுத்தார். பிறகு அது சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதிக்கு மாறியது. பாடம் செய்த விலங்குகள் இருந்த அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், உயிருள்ளவை இருந்த இடத்தை 'உயிர் காலேஜ்' என்றும் சென்னை மக்கள் சொன்னார்கள். நகரம் பெருத்து, ரயில் சத்தமும் வண்டிச் சத்தமும் சூழ்ந்த பிறகு அங்கே வைத்திருக்க முடியவில்லை. வண்டலூர் காப்புக்காட்டில் இடம் ஒதுக்கி, 1985 ஜூலை 24 அன்று எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது புதிய பூங்காவைத் திறந்தார்கள். கம்பிக்கூண்டுக்குப் பதிலாக அகழி வெட்டிய திறந்த அடைப்புகள் இங்கேதான் வந்தன.

விலங்கைத் தத்தெடுப்பது என்றால் வீட்டுக்குக் கொண்டுபோவதா?

பணம் மட்டும்தான் நாம் தருவது, விலங்கு அங்கேயே இருக்கும். ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு அதன் சாப்பாட்டுச் செலவை ஏற்றுக்கொள்வது. நடிகர் சிவகார்த்திகேயன் 2018இல் அனு என்ற வெள்ளைப் புலியை அப்படித் தத்தெடுத்தது செய்தியானது. புலி, யானை என்றால் செலவு அதிகம். சின்னப் பறவைகளை எடுக்க நடுத்தரக் குடும்பத்தாலும் முடியும். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டும் செலவில் ஒரு பறவைக்குத் தீனி என்று நாங்கள் ஒரு வருடம் செய்தோம், மகளுக்கு அது பெரிய பெருமை.

எப்படிச் சொன்னாலும் அடைத்து வைப்பதுதானே? அங்கே போவதே தப்பில்லையா?

இதைக் கேட்பவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. சுவரோரமாக ஒரே தடத்தில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருக்கும் விலங்கைப் பார்க்கும்போது எனக்கும் நெஞ்சு கனக்கும். காட்டில் சுதந்திரமாக இருப்பதற்கு எந்த அடைப்பும் ஈடாகாது.

ஆனால் இங்கே இருப்பவற்றில் எல்லாமே காட்டிலிருந்து பிடித்து வந்தவை இல்லை. பெரும்பாலானவை பூங்காக்களில் பிறந்தவை, காட்டில் விட்டால் வேட்டையாடத் தெரியாது. சர்க்கஸில் சிங்கம், புலி, கரடியைப் பழக்கக் கூடாது என்று தடை வந்து, 2001இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தபோது, கூண்டுவண்டியிலேயே காலம் தள்ளிய அந்த விலங்குகள் போய்ச் சேர இடம் வேண்டியிருந்தது. வண்டலூரில் மீட்பு மையம் வந்தது அதற்காகத்தான். 2019 பிப்ரவரியில் பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு வந்த ஒரு பயணியின் பைக்குள் ஒரு மாதச் சிறுத்தைக் குட்டி இருந்தது, ஒரு கிலோ சொச்சம்தான் எடை. அதுவும் இங்கேதான் வந்தது. அந்தக் குட்டியை வேறு எங்கே கொண்டுபோய் விட்டிருக்க முடியும்?

சிறப்பாக நடத்துங்கள், இடத்தைப் பெரிதாக்குங்கள், காலி இடத்தை நிரப்புவதற்காகவே புதுப்புது வெளிநாட்டு விலங்குகளைக் கொண்டுவராதீர்கள் என்று கேட்கலாம், கேட்க வேண்டும். நானும் கேட்கிறேன். பார்வையாளர் புத்தகம் இருந்தால் அதில் எழுதிவிட்டுத்தான் வருவேன்.

வர்தா புயலில் போன மரங்கள் திரும்ப வளர்ந்துவிட்டனவா?

2016 டிசம்பர் 12. ஒரே மதியத்தில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. பூங்கா மறுபடி திறந்ததும் போய்ப் பார்த்தபோது, நிழலில் நடந்த பாதை எது என்றே அடையாளம் தெரியவில்லை. அதன் பிறகு நட்ட கன்றுகள் இப்போது ஆள் உயரம் தாண்டி நிழல் தருகின்றன. பழைய அடர்த்தி இன்னும் வரவில்லை, பல இடங்களில் வானம் தெரிகிறது.

ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. எங்கே போவது?

ஓட்டேரி ஏரிக்கு. பூங்காவுக்குள்ளேயே இருக்கும் ஏரி, பெரும்பாலோர் எட்டிப் பார்க்காமல் போய்விடுவார்கள். அங்கே வரும் பறவைகளுக்குக் கூண்டு கிடையாது, யாரும் கொண்டுவந்து விட்டதும் கிடையாது. மழைக்காலம் முடிந்து மார்கழியில் வந்தால் கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நீர்க்காகம், மரக்கிளையில் பகலெல்லாம் கண்மூடிக் கிடக்கும் இராக்கொக்கு என்று பலவும் இருக்கும். ஒரு பைனாகுலர் எடுத்து வாருங்கள், இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மாலையில் கிளம்பும் நேரத்தில் அங்கே கொஞ்சம் நின்றால், கூடத்துக்குத் திரும்பும் சிங்கத்தின் கர்ஜனை மரங்களுக்குப் பின்னாலிருந்து வரும். அடிவயிற்றிலிருந்து எழும் நீண்ட குரல், அப்புறம் இருமுவது போலச் சின்னச் சின்னதாகத் தேய்ந்து அடங்கும். காற்று சரியாக இருந்தால் விடியற்காலையில் அது எங்கள் மொட்டை மாடி வரை கேட்கும்.